பத்தாவது ஆள்

அத்தியாயம் 11

ரிக்‌ஷாவில் ஏறியது ஒரு குற்றமா?

இரண்டு வாரமாக ஃபர்ஹாவின் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது இந்த ஒரே கேள்விதான். மாவு பிசையும்போது அதையும் சேர்த்துப் பிசைந்தாள். துணி கசக்கும்போது அதையும் சேர்த்துக் கசக்கினாள். விடைதான் வந்தபாடில்லை.

அவள் கணவன் நிஸ்ஸிம் பட்டப்பகலில் ரிக்‌ஷாவில் போனதை, தன் காருக்குள் இருந்தபடி கத்தூன் அம்மாள் பார்த்துவிட்டாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

சிங்கப்பூரில் யூதர்கள் நெருக்கியடித்துக் குடியிருக்கும் அந்த நாலைந்து தெருக்களை மஹல்லா என்பார்கள். கத்தூன் அம்மாளின் அப்பா ஹெஸ்கேல் சாகும்போது எழுதி வைத்துவிட்டுப் போன கடைகளின் வாடகையில்தான் மஹல்லாவில் பாதி அடுப்பு எரிந்தது. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளம், வாராவாரம் முட்டை, பெருநாளுக்குக் கோழி, காய்ச்சலுக்கு மருந்து எல்லாம் அதிலிருந்து வந்தன. அந்த ஆஸ்தி இப்போது கத்தூன் அம்மாளின் கையில்.

அதோடு இன்னொன்றும் உண்டு. பத்து ஆண்கள் கூடினால்தான் ஜெபஆலயத்தில் முழுத் தொழுகை. பணக்காரர்களுக்கு அலுவலகம் இருக்கிறது, ஏலம் இருக்கிறது. ஆகவே ஏழைகள் பத்துப் பேருக்கு மாதப்படி கொடுத்து, காலையும் மாலையும் வந்து நிற்க ஏற்பாடு செய்திருந்தார் ஹெஸ்கேல். அந்தப் பத்தில் நிஸ்ஸிமும் ஒருவன். தோளில் சீட்டித் துணி மூட்டையோடு வீடு வீடாக அலைகிறவனுக்கு அந்த மாதப்படிதான் குடக்கூலி.

'தர்மத்தில் சாப்பிடுகிறவனுக்கு ரிக்‌ஷா சவாரி கேட்கிறதா?' என்று அந்தப் பத்துப் பேர் பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுத்துவிட்டாள் கத்தூன் அம்மாள். மகள் மோஸலின் பள்ளிச் சம்பளமும் இந்தத் தவணையோடு சரி என்று போன வாரம் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினாள்.

ஃபர்ஹாவின் ஆத்திரத்தில் பாதி கத்தூன் அம்மாள் மேல். மீதிப் பாதி, உண்மையைச் சொன்னால் பாதிக்கும் கொஞ்சம் கூடவே, புருஷன் மேல். எதற்காக ரிக்‌ஷாவில் போனாய் என்றால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறானே!

"ரெண்டு வாரமா கேக்குறேன். சுவத்துகிட்ட கேட்டிருந்தாகூட இந்நேரம் ஒரு பல்லியாவது பதில் சொல்லியிருக்கும்" என்றாள் அன்று காலையும், வளைய ரொட்டிக்கு மாவை உருட்டியபடி.

நிஸ்ஸிம் துணிகளை மடித்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். "சொல்ல முடியாது ஃபர்ஹா. வாக்குக் கொடுத்திருக்கேன்."

"யாருக்கு? பக்கத்துல ஒரு தொப்பி தெரிஞ்சுதாமே, அந்தத் தொப்பிக்கா? பொம்பளத் தொப்பியா அது?"

நிஸ்ஸிம் சிரித்துவிட்டான். அது தப்பாகப் போயிற்று.

"சிரிங்க, நல்லா சிரிங்க. பொண்ணு படிப்பு நிக்கப்போகுது, குடக்கூலி நிக்கப்போகுது, இவருக்குச் சிரிப்பு வருது. இதுல முட்டை வேற. நான் கீழ போயிட்டு வர்றதுக்குள்ள கூடையில பாதியைக் காணோம். அப்பனும் மகளும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கறீங்க. ஏண்டி மோஸல், திருட்டுத்தனமா அவிச்சுத் தின்னுறியா?"

பள்ளிக்கூடத்துக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்த மோஸல் பல்லைக் கடித்தாள். "நான் ஒன்னும் தின்னல. அந்தம்மா முட்டையை நினைச்சாலே எனக்குக் குமட்டுது. வருஷா வருஷம் அவங்க வீட்டு விருந்துல வரிசையா நிக்க வச்சு நன்றிப் பாட்டு பாட வைக்கிறாங்களே, அங்க போய் நின்னு பாரு, தெரியும்."

"பாடினா என்ன, தொண்டை தேஞ்சா போகுது?" என்று ஃபர்ஹா சீறினாள். ஆனால் மகள் சொன்னது எங்கேயோ சுருக்கென்று தைத்தது.

அப்போதுதான் படியில் தடதடவென்று சத்தம். ஜெபஆலயத்துச் சேவகர் சாலே மூச்சு வாங்க வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நிஸ்ஸிம், சட்டுனு கெளம்பு. இன்னைக்குப் பெரியவர் ஹெஸ்கேலோட நினைவு நாள். பத்துப் பேருல யாகூபுக்குக் காய்ச்சல். ஹாயு மலாக்காவுக்கு வியாபாரத்துக்குப் போயிட்டான். ஆள் இல்லப்பா."

"ஏன், அந்தம்மா கார்ல போய் ஆள் புடிச்சிட்டு வரட்டுமே!" ஃபர்ஹா மாவுக் கையோடு வாசலை மறித்தாள். "எடுத்த பேரை அவங்களே வந்து சேக்கட்டும், அப்புறம் வருவாரு."

அவளுக்குப் பின்னால் நிஸ்ஸிம் தொழுகைச் சால்வையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிவிட்டிருந்தான்.

"செத்தவர் நம்மள என்ன பண்ணாரு ஃபர்ஹா? இத்தனை வருஷம் அவர் வச்சிட்டுப் போனதைத்தானே சாப்பிட்டோம்?"

"உங்களை வச்சுக்கிட்டு நான் என்னதான் செய்யறது!" ஃபர்ஹாவுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பேரம் பேச வாசல் தேடி வந்த நேரத்தையும் இப்படிக் கோட்டை விடுகிறானே! "சரி, நடங்க. நானும் வர்றேன். அந்தம்மாகிட்ட எனக்கும் பேச வேண்டியது இருக்கு."

நிஸ்ஸிமின் முகம் வெளுத்தது.

சாலே முன்னால் ஓட, இருவரும் கடைவாசல் நடையோரமாக நடந்தார்கள். காகிதப் பூச்சரம் விற்கும் சீனன் கடை தாண்டியதும் நிஸ்ஸிம் நின்றுவிட்டான்.

"நீ அங்க போய் எதையாவது கேட்டு, அது எங்கேயாவது போய் முடிஞ்சிடும். சொல்லிடறேன். ஆனா உன் வாயிலேருந்து இது வெளிய வரக்கூடாது."

"சொல்லுங்க."

"ரிக்‌ஷால என் பக்கத்துல உக்காந்திருந்தது ஷுவா."

"எந்த ஷுவா?" கேட்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. "அந்தம்மாவோட தம்பியா? அவரு பினாங்குல இல்ல இருக்காரு?"

"எல்லாரும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டிருக்காங்க. ரப்பர் விலை விழுந்ததுல அவரோட பங்கு அத்தனையும் போச்சு. அதுல போடாதேன்னு அக்கா அப்பவே சொல்லியிருக்காங்க. கேக்காம போட்டு, சண்டையும் போட்டு, இப்ப எந்த மூஞ்சியோட போய் நிக்கிறதுன்னு சுங்கை ரோட்டுல ஒரு கோப்பிக்கடை மாடியில கெடக்காரு. வெறும் வெள்ளைச் சோறும் தேத்தண்ணியுமா தின்னு பெரிபெரி வந்திருச்சு. காலு ரெண்டும் தூணாட்டம் வீங்கி, நான் துணி விக்கப் போன எடத்துல தெருவுல விழுந்து கெடந்தாரு. நடக்க முடியாதவரை நான் எப்படி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது? ரிக்‌ஷாவுலதான் ஏத்தினேன்."

"கடவுளே!" என்றாள் ஃபர்ஹா. அடுத்த கணமே அவளுக்கு வேறொன்று உறைத்தது. "அப்போ முட்டை?"

"தீட்டாத அரிசியும் முட்டையும் கொடுக்கச் சொன்னாரு டாக்டர்."

"யார் கொண்டு போய்க் கொடுக்கறது?"

நிஸ்ஸிம் தரையைப் பார்த்தான். "பள்ளிக்கூடம் விட்டு வர்ற வழியில... மோஸல்."

"ஆக, வீட்டுல எல்லாருக்கும் தெரியும். அடுப்படியில வேகுறவளுக்கு மட்டும் தெரியாது!" ஃபர்ஹா வெடித்தாள். பூச்சரக்காரன் தலையை நீட்டி வேடிக்கை பார்த்தான். "அந்தம்மா கொடுத்த முட்டை அந்தம்மா தம்பி வயித்துக்கே போயிருக்கு. நடுவுல எம் பொண்ணுக்குத் திருடிப் பட்டம், அதையும் பெத்தவளே கொடுத்தாச்சு. அவருக்கு வெக்கம், சரி. உங்களுக்கு என்ன கேடு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க பேரு போயிருக்குமா?"

"யாருக்கும் தெரியக்கூடாதுன்னு என் கையைப் புடிச்சிக்கிட்டு அழுதாரு ஃபர்ஹா. கொடுக்கிறவங்க வாயைத் தொறந்தா வாங்குறவன் செத்துப்போவான். நமக்குத் தெரியாததா அது?"

அவன் சொன்னது சரி என்பதே அவள் எரிச்சலை இன்னும் கிளப்பியது. விறுவிறுவென்று நடந்தாள்.

ஜெபஆலயத்து முற்றத்தில் கறுப்பு உடையில் கத்தூன் அம்மாள் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தாள். உள்ளே நிஸ்ஸிமையும் சேர்த்து ஒன்பது தலை. சாலே தொலைபேசியைச் சுற்றிச் சுற்றி அலுத்துவிட்டார். ஒருவர் ஏலத்தில் இருந்தார், ஒருவர் கப்பலடியில் இருந்தார், ஒருவர் இருந்தும் இல்லை என்று சொல்லச் சொல்லியிருந்தார்.

"உன் புருஷன் வந்துட்டான், பாத்தேன்" என்றாள் கத்தூன் அம்மாள், ஃபர்ஹாவின் மாவு அப்பிய மேல்துணியை ஏற இறங்கப் பார்த்து. "நான் ஒன்னும் கல்நெஞ்சுக்காரி இல்ல ஃபர்ஹா. ஆனா எங்கப்பா செருப்புத் தேய நடந்து சேத்த சொத்து இது. அதுல சாப்பிடுறவங்க சவாரி போறதைப் பாத்தா வயிறு எரியாதா? அன்னைக்கு எதுக்குப் போனான்னு ஒரு காரணம் சொல்லட்டும். நியாயமா இருந்தா இன்னைக்கே பேரைச் சேத்துடறேன். உன் பொண்ணு படிப்பும் நடக்கும்."

வார்த்தை ஃபர்ஹாவின் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. ஒரே பெயர்தான். சொன்னால் எல்லாம் திரும்பி வந்துவிடும். இந்தம்மாவின் முகம் எப்படிப் போகும் என்பதையும் பார்க்கலாம்.

ஜன்னலுக்குள்ளிருந்து நிஸ்ஸிம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள். அதைச் சொல்ல அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

கத்தூன் அம்மாள் பெருமூச்சு விட்டாள். கண் வாசல் பக்கமே போய்ப் போய் வந்தது. "எங்கப்பாவுக்கு மகன்னு ஒருத்தன் இருக்கான். செத்தவருக்காகச் சொல்ற கத்தீஷ் ஜெபத்தைச் சொல்ல வேண்டியவன் அவன்தான். பினாங்குக்கு ஆள் மேல ஆள் விட்டேன், எடம் மாறிப் போயிட்டான்னு திரும்பி வந்தாங்க. கோபம் எம்மேலதானே? பெத்த அப்பன் என்ன செஞ்சாரு? இன்னைக்கு ஒரு நாள் வந்து நின்னுட்டுப் போகக்கூடாதா அவன்?"

அந்தக் குரல் ஏழைகளுக்குப் புத்தி சொல்லும் குரல் இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கைக்குட்டையைத் தேடித் தடுமாறினாள். ஃபர்ஹாவுக்கு அவள் மேல் இரக்கம் வந்தது. இந்த நேரம் பார்த்து இரக்கம் வருகிறதே என்று தன் மேலேயே கோபமும் வந்தது.

"பத்தாவது ஆளை நான் கொண்டு வர்றேன்" என்றாள்.

"நீயா? எங்கேருந்து?"

"எங்கேருந்தோ. உள்ள இருக்கறவங்க யாரும் போயிடாம பாத்துக்குங்க, போதும்."

வெளிவாசலில் மோஸல் நின்றிருந்தாள். அம்மா சண்டை போடுவாளோ என்று பயந்து பள்ளிக்கூடம் போகாமல் பின்னாலேயே வந்திருந்தாள்.

"திருடி" என்றாள் ஃபர்ஹா, மகள் கன்னத்தில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டு. "நட. முட்டை கொடுக்கிற வீட்டைக் காட்டு."

கோப்பிக்கடை மாடியில் ஜன்னல் இல்லாத அறை. ஷுவா பெட்டிமேல் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தான். வீங்கின பாதங்களைப் பழைய துணியால் சுற்றியிருந்தான். ஒரு காலத்தில் வெள்ளைச் சட்டையும் தங்கப் பொத்தானுமாகக் குதிரைப் பந்தயத்துக்குப் போன மனிதன். இப்போது கன்னம் ஒட்டி, மோஸலைப் பார்த்துச் சிரிக்க வந்தவன், பின்னால் ஃபர்ஹாவைப் பார்த்ததும் போர்வையை இழுத்துக் காலை மூடினான்.

"நிஸ்ஸிம் சொல்லிட்டானா?"

"அவர் எங்க சொன்னாரு? நான்தான் பிடுங்கினேன். எந்திரிங்க அண்ணே, உங்கப்பாவோட நினைவு நாள் இன்னைக்கு."

"தெரியும்" என்றான் மெதுவாக. "விடிஞ்சதிலேருந்து இங்க உக்காந்தே சொல்லிக்கிட்டிருக்கேன்."

"தனியா சொன்னா அது கத்தீஷா? அங்க ஒன்பது பேர் நிக்கிறாங்க. என் புருஷன் பேரை எடுத்துட்டாங்க, அப்பவும் போய் நிக்கிறாரு. பத்தாவதா நிக்க வேண்டிய மகன் இங்க ரோஷம் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

"ஷூ நுழையல, ஃபர்ஹா. இந்தக் கோலத்துல போய் அக்கா முன்னாடி எப்படி நிப்பேன்? அவ பணத்துல ஒரு பருக்கை சாப்பிடமாட்டேன்னு சொல்லிட்டு வந்தவன் நான்."

ஃபர்ஹாவுக்கு அதுவரை பொறுத்ததெல்லாம் பொங்கிவிட்டது.

"சாப்பிடமாட்டீங்களா? இத்தனை நாள் சாப்பிட்டது என்ன? முட்டை யாருதுன்னு நெனச்சீங்க?"

"நிஸ்ஸிம் வாங்கினதா சொன்னானே."

"அவர் எங்க வாங்குறாரு! உங்கக்கா ஏழைப் பிள்ளைங்களுக்குக் கொடுக்கிற முட்டை அது. உங்கப்பா கடை வாடகை. எம் பிள்ளைங்க தட்டுலேருந்து எடுத்து உங்களுக்கு வந்துச்சு. நாங்க கையேந்தலாம், நீங்க ஏந்தக்கூடாதா? உங்க ரோஷத்தைக் காப்பாத்த எம் பொண்ணு படிப்பை நிறுத்தணுமா?"

"அம்மா, போதும்" என்றாள் மோஸல் அழுகுரலில்.

ஷுவா நிமிர்ந்தான். "படிப்பு நிக்குதா? எதுக்கு?"

"உங்களை ரிக்‌ஷாவுல ஏத்தினதுக்கு!"

ஷுவா முகத்தை இரு கையாலும் அழுத்தித் துடைத்துக்கொண்டான். "இந்தப் படியில எப்படி எறங்குறது?" என்று கேட்டான்.

கோப்பிக்கடைப் பையன்கள் கைத்தாங்கலாக இறக்கிவிட்டார்கள். ஃபர்ஹா தெருவுக்கு வந்து, தொண்டை கிழிய, "ரிக்‌ஷா!" என்று கத்தினாள்.

"அம்மா, ரிக்‌ஷாவா? அந்தம்மா வாசல்லயே நிப்பாங்க!"

"நிக்கட்டும்டி. நல்லா கண்ணைத் தொறந்து பாக்கட்டும்."

கல்யாணத்துக்குப் பிறகு ஃபர்ஹா ரிக்‌ஷாவில் ஏறியது அன்றைக்குத்தான். ஒரு கையால் ஷுவாவின் முதுகைத் தாங்கி, மறு கையால் அவன் தொப்பி பறக்காமல் பிடித்துக்கொண்டாள். மோஸல் பக்கத்தில் ஓடி வந்தாள். மஹல்லாவே வாசலுக்கு வந்து பார்த்தது.

கத்தூன் அம்மாள் உண்மையிலேயே வெளிவாசலில் நின்றிருந்தாள். மாவுத் துணியோடு ரிக்‌ஷாவில் வந்து இறங்கும் ஃபர்ஹாவைக் கண்டதும் அவள் முகம் சிவந்தது.

"உனக்கு எவ்வளவு திமிர் இருந்தா..."

தொப்பி நிமிர்ந்தது. அவள் வாய் அப்படியே நின்றுவிட்டது.

"ஷூ போட முடியலக்கா" என்றான் ஷுவா. "வெறுங்காலோட வந்திருக்கேன். உள்ள விடுவாங்களா?"

கத்தூன் அம்மாள் அந்தக் கால்களைப் பார்த்தாள். நிஸ்ஸிமும் சாலேயும் ஓடி வந்து ஆளுக்கொரு பக்கம் தாங்கி அவனை உள்ளே கொண்டுபோனார்கள். "பத்தாச்சு" என்று சாலே சொன்னது முற்றம் வரை கேட்டது.

மேலே பெண்கள் மாடத்தில் கத்தூன் அம்மாளும் ஃபர்ஹாவும் மட்டும். கீழே ஷுவா கத்தீஷ் சொன்னான். இரண்டு இடத்தில் குரல் அடைத்து நின்றது. இரண்டு இடத்திலும் நிஸ்ஸிமின் 'ஆமென்' மற்றவர்களுடையதைவிடச் சத்தமாக வந்து அவனைத் தூக்கிவிட்டது.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கான்?" கத்தூன் அம்மாள் திரும்பாமலே கேட்டாள்.

"ரப்பர் விழுந்ததிலேருந்து. சுங்கை ரோட்டுல."

"சுங்கை ரோட்டுலயா! தினமும் என் கார் அந்த வழியாத்தானே போகுது?" கீழே தம்பியைப் பார்த்தபடியே கேட்டாள்: "யார் சோறு போட்டா அவனுக்கு?"

"நீங்கதான்."

"நானா?"

"உங்க முட்டைம்மா. எங்க வீட்டு வழியா போச்சு."

கத்தூன் அம்மாள் கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றினாள். அன்றைக்கு ரிக்‌ஷாவில் தெரிந்த தொப்பி யாருடையது என்று இனி யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஏன்டி நிஸ்ஸிம் அன்னைக்கே என்கிட்ட சொல்லல?"

"அதை அவர்கிட்டயே கேளுங்க. கேட்டு பதில் வாங்கிட்டீங்கன்னா எனக்கும் சொல்லுங்க. நான் பொண்டாட்டி, எனக்கே இன்னைக்குக் காலைலதான் தெரியும்."

தொழுகை முடிந்து எல்லோரும் முற்றத்துக்கு வந்தபோது கத்தூன் அம்மாள் பழைய கத்தூன் அம்மாளாகிவிட்டிருந்தாள். கண் மட்டும் சிவந்திருந்தது. டாக்டருக்கு ஆள் போகட்டும் என்றாள், நிஸ்ஸிம் நாளையிலிருந்து வழக்கம்போல வரட்டும் என்றாள், மோஸலின் சம்பளம் நிற்காது என்றாள். எல்லாம் ஒரே மூச்சில். பிறகு தம்பியிடம், "கார்ல ஏறு. வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

"நான் வரலக்கா."

"இன்னும் என்னடா?"

"உன் வீட்டுல வந்து படுத்தா, நாளைலேருந்து நீ எதுக்கு ரெண்டாந்தரம் சோறு கேட்டேன்னு கணக்குப் பாப்பே. நான் எங்க எறங்குறேன், எதுல ஏறுறேன்னு பாப்பே. என்னால முடியாது." ஷுவா நிஸ்ஸிமைப் பார்த்தான். "இவன் வீட்டுல இடம் இருந்தா..."

"வாங்க வாங்க, தாராளமா வாங்க" என்றான் நிஸ்ஸிம்.

ஃபர்ஹா வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டான்! இருப்பது இரண்டு அறை. அதில் இவர்கள் இருவரும் மூன்று பிள்ளைகளும் துணி மூட்டையும். இந்தத் தூண் காலை எந்த மூலையில் நீட்டுவது? நிஸ்ஸிமை அவள் பார்த்த பார்வையில் சாலே இரண்டடி பின்வாங்கினார்.

கத்தூன் அம்மாள் காரின் கதவைப் பிடித்தபடி நின்றாள். கணக்குப் பார்ப்பாய் என்று தம்பி சொன்ன இடத்திலேயே அவள் நின்றுவிட்டிருந்தாள். பிறகு மெல்ல ஃபர்ஹாவிடம் வந்தாள்.

"உன் வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பட்டுமா?"

ஃபர்ஹாவுக்கு அழுகை வந்தது. எரிச்சலும் விடவில்லை.

"அனுப்பாதீங்க. கொண்டு வாங்க."

"நானா?"

"நீங்கதான். ஆள் வேண்டாம்."

கத்தூன் அம்மாள் தயங்கினாள். "உன் வீடு... எந்த மாடி?"

மோஸல் சட்டென்று தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். இத்தனை வருஷம் சம்பளம் கட்டிய வீடு எந்த மாடி என்று தெரியாது!

"மூணாவது" என்றாள் ஃபர்ஹா. "படி செங்குத்தா இருக்கும். பாத்து ஏறுங்க."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. பொழுது சாஞ்சா ஓய்வுநாள் தொடங்கிடும். அதுக்குள்ள வர்றேன்" என்று சொல்லிவிட்டு அவள் காரில் ஏறினாள். கார் போனது.

ரிக்‌ஷா இன்னும் காத்திருந்தது. ஏறி உட்கார்ந்த ஷுவா மோவாயை நெஞ்சில் புதைத்துக்கொண்டு முனகினான்.

"வரட்டும். ஆனா அவ வந்தா நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"வாயைத் தொறக்காத ஆம்பளை என் வீட்டுல ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரு" என்றாள் ஃபர்ஹா, மேல்துணியை உதறி இறுகக் கட்டிக்கொண்டு. "இன்னொருத்தரை என்னால தாங்க முடியாது. பேசுறதா இருந்தா வாங்க. இல்லன்னா இப்பவே எறங்கிக்கங்க."

ரிக்‌ஷாக்காரன் கம்பைத் தூக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். ஷுவா நிஸ்ஸிமைப் பார்த்தான். நிஸ்ஸிம் வானத்தைப் பார்த்தான்.